எலக்ட்ரிக் வாட்டர் பம்ப்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

கேள்வி:
1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 6000 ஆர்பிஎம்மில் 80 கிலோவாட். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்றவைக்கிற பெல்ட் பம்பை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடப் பார்க்கிறேன். லேபிளில் நிமிடத்துக்கு 110 லிட்டர் என்று இருக்கிறது. போதுமா? கூலன்ட், தண்ணீரும் கிளைகாலும் (glycol, உறையாமல் காக்கும் திரவம்) பாதிக்குப் பாதி கலந்தது.

பதில் 1:
முழு த்ராட்டிலில் கூலன்ட்டுக்குப் போகும் வெப்பத்தை, இன்ஜின் பவரில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் வரும். இன்ஜினுக்குள் நுழையும் கூலன்ட்டுக்கும் வெளியேறுவதற்கும் 8 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். இந்தக் கலவை ஒரு கிலோ, ஒரு டிகிரி சூடாக ஏறக்குறைய 3.6 கிலோஜூல் எடுக்கும். 60 ÷ (3.6 × 8) = விநாடிக்கு 2.1 கிலோ, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 120 லிட்டர். வெறும் தண்ணீர் என்றால் 110 போதும். 10 டிகிரி வரை விட்டால் 100-க்குக் கீழே வந்துவிடும், ஆனால் சிலிண்டர் ஹெட்டில் சூடு சமமாக இருக்காது.

பதில் 2:
கணக்கு சரி. லேபிளை நம்பாதீர்கள். அந்த 110, எதிர்ப்பே இல்லாமல் திறந்த குழாயில் ஊற்றும் அளவு. பிளாக், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) எல்லாம் சேர்ந்த எதிர்ப்பு, ஓட்டத்தின் இருமடியாக ஏறும்: 60 லிட்டரில் 0.2 பார் (அழுத்த அலகு) என்றால் 120-ல் 0.8 பார். பம்பின் ஓட்டம்-அழுத்தம் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தராத பம்பை நான் வாங்க மாட்டேன்.

கேட்டவர்:
இப்போதுள்ள பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று எப்படிப் பார்ப்பது? ஹோஸைக் கழற்றி வாளியில் பிடிக்கலாமா? ஓட்டம் ரொம்ப வேகமானால் ரேடியேட்டரில் சூடு இறங்க நேரம் இருக்காது என்கிறார்களே?

பதில் 1:
வாளியில் பிடித்தாலும் முழு எதிர்ப்பு இல்லாத ஓட்டம்தான் தெரியும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டிலும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் சென்சார்) வைத்து, தெர்மோஸ்டாட் முழுதும் திறந்தபின் ஏற்றத்தில் முழு லோடில் வித்தியாசத்தைப் பாருங்கள். 5 டிகிரி என்றால் ஓட்டம் தாராளம். 15 தாண்டினால் குறைவு. ஐடிலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பதில் 2:
"நேரம் இருக்காது" என்பது தவறு. வேகம் கூடினால் வெப்பம் கூடுதலாகவே இறங்கும். ஓட்டத்தைக் கூட்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர்களுக்கு இன்ஜின் சூடேறக் காரணம் வேறு: பிளாக்குக்குள் அழுத்தம் குறைந்து, ஹெட்டில் ஆங்காங்கே கூலன்ட் கொதிக்கிறது. உங்கள் வண்டிக்கு, சாதாரணமாக ஓட்டும்போது 20 கிலோவாட் வெப்பம்தான். 40 லிட்டர் போதும். ஏற்றத்தில் முழு லோடு போட்டால் இந்த 110 பம்ப் தாங்காது.