சான்றோன்னா வீரனா? ஆண்டு விழாவுல கேட்ட கொடுமை

ஆத்தங்கரை:
நேத்து பொண்ணு ஸ்கூல்ல ஆண்டு விழா. சீஃப் கெஸ்ட்டா வந்த ஒருத்தர் மைக்க புடிச்சவரு முக்கா மணி நேரம் விடல. "பெத்துப் போடறது பொம்பள வேல, அவன ஆம்பளையா ஆக்கறது அப்பன் வேல, இத நான் சொல்லல புறநானூறு சொல்லுது, சான்றோன்னா வீரன்னு அர்த்தம், இன்னிக்குப் பசங்க அழுமூஞ்சியா திரியறதுக்கு அம்மாக்காரிங்க செல்லம்தான் காரணம்"னு ஒரே போடு. முன் வரிசை அப்பாமாருங்க கைதட்டல் வேற. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. அது 312ஆம் பாட்டு, பொன்முடியார் பாடினது. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே". புறந்தருதல்னா வளர்த்துக் காப்பாத்தறதுங்க, பெத்துப் போடறது இல்ல. சான்றோன்னா நல்ல குணம் நிறைஞ்சவன். வீரன்னு எங்க இருக்கு?

வேல்கம்பு:
எங்க இருக்குன்னா பதிற்றுப்பத்து 14ல இருக்கு. "சான்றோர் மெய்ம்மறை". சேர ராஜா சான்றோருக்குக் கவசம் மாதிரி நிக்கறானாம். கவசம் யாருக்குத் தேவை மேடம், பட்டிமன்ற நடுவருக்கா? பழைய உரைகாரரே அங்க வீரர்னுதான் பொருள் எழுதறாரு. 312ஐயும் முழுசா படிங்க, ரெண்டு வரியோட நிறுத்திட்டீங்க. அடுத்த வரி கொல்லன் வேல் வடிச்சுத் தர்றான், கடைசில காளை போய் யானைய வெட்டிட்டுத் திரும்பி வர்றான். சுத்தி பூரா சண்டை, நடுவுல அப்பன் மட்டும் பையனுக்கு நன்னெறி டியூஷன் எடுத்துட்டு இருந்தானா?

ஆத்தங்கரை:
அப்ப பிசிராந்தையார் தனக்கு ஏன் நரைக்கலன்னு சொல்றப்ப "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே"ங்கறாரே, புறநானூறு 191ஆம் பாட்டு, அந்த ஊர் பூரா பட்டாளத்துக்காரங்களா? பூதப்பாண்டியன் பொண்டாட்டி தீப்பாய போறப்ப வேணாம்னு தடுக்கறவங்கள "பல்சான்றீரே பல்சான்றீரே"ன்னு கூப்பிடறா, அது 246. அவங்களும் வேல் வச்சிருந்தாங்களா?

வேல்கம்பு:
191 வேற இடம், 246 வேற இடம். நான் கேட்டது பதிற்றுப்பத்து 14. அதுக்குப் பதில் வரல.

ஸ்பேனர்_செல்வம்:
எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. அந்த விழாவுல நாடகம் ஏதாச்சும் போட்டாங்களா அக்கா, அதச் சொல்லுங்க.

ஆத்தங்கரை:
போட்டாங்க தம்பி, அத ஏன் கேக்கற. புறநானூறு 278ஆம் பாட்டுதான். பையன் புறமுதுகு காட்டி ஓடிட்டான்னு ஊர் சொல்ல, அப்படின்னா அவன் குடிச்ச முலைய அறுத்துடுவேன்னு கிழவி வாளோட களத்துக்குப் போறா பாரு, அது. எட்டாம் வகுப்புப் பொண்ணு, தலைல பஞ்ச ஒட்டி நரை, கண்ணு மை வேர்வைல கன்னம் வரைக்கும் வழியுது. தெர்மாகோல் வாளுக்கு ஜிகினா பேப்பர், ரெண்டாவது பொணத்தப் பொரட்டறப்பவே வாள் முறிஞ்சுது. பொணமா படுத்திருந்த பசங்க கிக்கிக்கின்னு சிரிப்ப அடக்க முடியாம குலுங்கறானுங்க. வசனத்துல முலைங்கற சொல்லையே எடுத்துட்டு "உயிரை விடுவேன்"னு மாத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பாட்டப் பாடின நச்செள்ளையார் சொன்னத எட்டாம் வகுப்புப் புள்ள சொல்லக் கூடாதாம். ஆனா அப்பன் ஆம்பளைய உருவாக்கணும்னு மட்டும் மைக்ல சொல்லலாம்.

வேல்கம்பு:
நல்லா மாட்டுனீங்க. அந்த 278 எப்படி முடியுது? துண்டா கெடக்கற மகனப் பாத்து "ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே". குறள் 69 என்ன சொல்லுது? "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்". ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அச்சு ஒண்ணு. அங்க வீரனா செத்ததுக்கு சந்தோசம், இங்க சான்றோன்னு கேட்டதுக்கு சந்தோசம். அப்ப சான்றோன் யாரு? எங்க ஊர்ல இத அஞ்சாம் வகுப்புப் பையன் கண்டுபிடிச்சிருவான்.

திண்ணைத்தாத்தா:
தம்பி வேல்கம்பு, அதே குறளுக்குப் பரிமேலழகர் கல்வி கேள்விகளால நிறைஞ்சவன்னுதான் உரை எழுதறாரு. வள்ளுவர் பழைய அச்ச எடுத்து உள்ள வேற பொருள ஊத்தியிருக்காருன்னு ஏன் வச்சுக்கக் கூடாது? 67ல கூட அப்பன் கடமை மகன அவையில முந்தி உக்கார வைக்கறதுதான், அவைன்னா படிச்சவங்க கூடற எடம். முப்பது வருசம் வகுப்புல சொல்லிக் குடுத்தவன் சொல்றேன்.

ஆத்தங்கரை:
ஐயா நீங்க பரிமேலழகர எடுத்ததால கேக்கறேன், அதே உரைல அம்மா ஏன் "கேட்ட" தாய்னு அவரு என்ன காரணம் சொல்றாருன்னும் எழுதிருங்களேன். "பெண் இயல்பால் தானாக அறியாமையின்". அதாவது பெத்து வளத்தவளுக்குத் தன் புள்ள நல்லவனான்னு தானா தெரியாதாம், நாலு பேரு சொல்லித்தான் தெரியணுமாம். இதையும் முப்பது வருசம் சொல்லிக் குடுத்தீங்களா?

திண்ணைத்தாத்தா:
அந்தக் காலம் அப்படிம்மா. உரைகாரரக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போவுது. வயசுல பெரியவன்கிட்ட இப்படிக் கேக்கறது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

வேல்கம்பு:
பாத்தீங்களா, உரைகாரரு தனக்குப் புடிச்சத சொன்னா ஆசான், புடிக்காதத சொன்னா ஆணாதிக்கம். அப்ப பதிற்றுப்பத்து பழைய உரைகாரரு மட்டும் என்ன பாவம் பண்ணாரு? 14ஆம் பாட்டு. இன்னும் பதில் வரல.

மழைக்காகிதம்:
பதில் நான் சொல்றேன். அதப் பாடின குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டுல 500 ஊர் பரிசுன்னு, அந்தப் பத்துப் பாட்டுக்குக் கடைசில இருக்கற பதிகம் சொல்லுது. 500 ஊர் குடுத்தா நானும் எவன வேணா சான்றோன்னு பாடுவேன்.

வேல்கம்பு:
இதெல்லாம் ஒரு வாதமா? போன தடவ நடுகல் பத்திப் பேசறப்பவும் இப்படித்தான் எடைல பூந்து காமெடி பண்ணிட்டு ஓடுனீங்க, ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

மழைக்காகிதம்:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு ஒரு வருசமா காத்திட்டு இருக்கறதுதான் உங்க ஊர் வீரமா சார்? வள்ளுவர் ஆண்மைக்கு என்ன சொல்றாருன்னு 148 பாருங்க. "பிறன்மனை நோக்காத பேராண்மை சான்றோர்க்கு அறனொன்றோ ஆன்ற ஒழுக்கு". ஒரே குறள்ல பேராண்மையும் இருக்கு, சான்றோரும் இருக்கு. அடுத்தவன் பொண்டாட்டியப் பாக்காம இருக்கறதுக்கு வேல் எதுக்கு?

வேல்கம்பு:
773 பாருங்க. "பேராண்மை என்ப தறுகண்". தறுகண்னா அஞ்சாத வீரம். வள்ளுவரே சொல்லிட்டாரு. குறள் எண் எனக்கும் தெரியும்.

மழைக்காகிதம்:
அந்தக் குறள் அடுத்த அடிய முழுங்கிட்டீங்க. "ஒன்றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு". எதிரிக்கு ஒரு கஷ்டம் வந்தா ஓடிப் போய் உதவறதுதான் அதுக்குக் கூர்மையாம். மேடம் ரெண்டு வரியோட நிறுத்திட்டாங்கன்னு ஆரம்பத்துல குதிச்சது யாரு?

வேல்கம்பு:
அது எஃகு. கூர்மை. ஆயுதம்தான். என் பக்கம்தான் பேசுது.

ஸ்பேனர்_செல்வம்:
நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதினாலு வயசு. கொள்ளிக் குடத்தத் தோள்ல வச்சு சுத்தி வர்றப்ப அழுக வந்துருச்சு, பெரியப்பா முதுகுல ஒண்ணு வச்சாரு, ஆம்பளப் புள்ள அழுவாதடான்னு. அன்னிக்கு நிறுத்துனதுதான். சான்றோன்னா யாருன்னு தெரியாது, ஆனா அந்த அடி இன்னும் முதுகுல இருக்கு.

ஆத்தங்கரை:
இதுக்குத்தான் தம்பி நான் தலையால அடிச்சுக்கறேன். 278க்குத் துறை, அதாவது பாட்டு எந்த வகைன்னு குறிக்கற பேரு, என்ன தெரியுமா, உவகைக் கலுழ்ச்சி. கலுழ்ச்சின்னா அழுகை. அந்தக் கிழவியே அழுதிருக்கா.

வேல்கம்பு:
கிழவி பொம்பள. அழலாம். செல்வம் அண்ணே உங்க கதைக்கு வருத்தம்தான், ஆனா அது தலைப்புக்குச் சம்பந்தம் இல்ல.

மழைக்காகிதம்:
அடேங்கப்பா.

கல்லூரிச்சாலை:
நடுவுல வர்றேன், பொன்முடியார் பொம்பளன்னு யார் சொன்னது? அம்மா பேசற மாதிரி பாட்டு இருந்தா பாடினவங்களும் அம்மாவா? எந்தப் பாட்டுக்கு வேணா பெண்பாற் புலவர்னு சீட்டு ஒட்டற பழக்கம் எப்ப வந்துச்சு?

ஆத்தங்கரை:
நான் பொம்பளன்னு சொல்லவே இல்லையே, பொன்முடியார் பாடினதுன்னுதான் எழுதினேன். மேல போய்ப் படிங்க.

கல்லூரிச்சாலை:
சொல்ற தொனி அப்படித்தான இருந்துச்சு.

திண்ணைத்தாத்தா:
நான் இந்தத் திரிய விட்டு வெளியேறுகிறேன். மரியாதை இல்லாத இடம்.

நெறியாளர்:
சான்றோர்ங்கற சொல்ல வச்சு சாதிப் பெருமை பேசின மூணு பதிவ நீக்கியிருக்கேன். மறுபடி வந்தா திரிய பூட்டிருவேன்.

திண்ணைத்தாத்தா:
மூணுல ஒண்ணும் என்னுது இல்லைன்னு தெளிவா போடுங்க. எல்லாரும் என்னைய நினைப்பாங்க.

மழைக்காகிதம்:
வெளியேறிட்டீங்கன்னு நெனச்சோமே ஐயா.

வேல்கம்பு:
1904ல உ.வே.சா. பழைய உரையோட போட்ட பதிப்பு எங்கிட்ட பிடிஎஃப்பா இருக்கு, ராத்திரி பக்கத்த போட்டோ எடுத்துப் போடறேன், அதுக்கப்புறம் யாரு பேசறாங்கன்னு பாக்கலாம். பதிற்றுப்பத்து 14. "சான்றோர் மெய்ம்மறை". மேடம் இது வரைக்கும் அதத் தொடவே இல்ல.

ஆத்தங்கரை:
பதிற்றுப்பத்துல வீரனாவே இருக்கட்டுங்க, நான் கேட்டது புறநானூறு 312. புறந்தருதலுக்கு நீங்க இன்னும் வாயே தொறக்கல.

வேல்கம்பு:
14க்கு மொதல்ல நீங்க.

ஸ்பேனர்_செல்வம்:
அக்கா, அந்த வாள் முறிஞ்சப்ப அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?

ஆத்தங்கரை:
முறிஞ்ச துண்ட இடுப்புல சொருகிட்டு கையாலயே பொரட்டுச்சு தம்பி. நாலாவது பொணம் அவ தம்பி போல, கிச்சுகிச்சு மூட்டிட்டா.