கடினமான இங்கிலீஷ் சொற்கள்: வரவு வைத்தால் போதாது, செலவும் எழுதுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து புதிதாக வெளிநாடு வந்த தம்பி தங்கச்சிகளுக்கு: தினம் முப்பது சொல்லை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்யாதீர்கள். தமிழ் அர்த்தம் மட்டும் தெரிந்தால், அந்தச் சொல் எங்கே எப்படி வரும் என்று தெரியாது.

'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் 'மிகச் சிறந்த' என்று ஊரில் படித்திருப்பீர்கள். வங்கிக் கடிதத்தில் 'அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸ்' என்று வந்தால் அது பாராட்டு இல்லை, இன்னும் கட்டாத பாக்கி. 'ரிடண்டன்ட்' அகராதியில் 'தேவைக்கு மிஞ்சியது'. பிரிட்டனில் ஓர் ஊழியரைப் பற்றி அப்படி எழுதினால், அவர் பார்த்த வேலையிடத்தையே எடுத்துவிட்டார்கள். 'டேபிள்' இன்னும் மோசம். கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது லண்டனில் பேச எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது.

நம் ஐயாமார் பர்மாவிலும் மலாயாவிலும் கணக்கு எழுதிய மாதிரி ஒரு நோட்டில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் வரவு: சொல் வந்த முழு வாக்கியம், அது வாடகை ஒப்பந்தமா ஆபீஸ் மெயிலா, தேதி. வலப்பக்கம் செலவு: நீங்களே அதைப் பேசிய அல்லது எழுதிய தேதி. மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள், சொல்லை விரலால் மறைத்து வாக்கியத்தைப் படித்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதமாகியும் செலவுப்பக்கம் காலி என்றால் அந்தச் சொல் உங்களுக்கு இப்போது வேண்டாம், அடித்துவிடுங்கள்.

படிக்க வந்தவர்கள் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டில், அதாவது கல்லூரிப் பாடநூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலில், தொடங்கலாம். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் ஒரு குடும்பம்), அதிகம் புழங்குவது முதலில். முதல் பகுதி 60. நாளுக்கு 5 என்றால் 12 நாள்.

சொற்களை இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படித்தால் லாபம் உண்டு. லத்தீனில் 'க்ரெடெரே' என்றால் நம்புவது. நம்பிக் கொடுத்தது கிரெடிட். லேவாதேவி செய்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்பத்தக்கது க்ரெடிபிள். இன்க்ரெடிபிள் நம்பமுடியாத சேதி, இன்க்ரெடுலஸ் அதைக் கேட்டு நம்பாத ஆள். இந்த இரண்டையும்தான் பலர் மாற்றிப் போடுகிறார்கள்.

வாசகர் ஒருவரின் பதில்: அண்ணன் மேலே எழுதியதோடு அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். எகானமியில் அழுத்தம் 'கா'வில், எகனாமிக்கில் 'னா'வில். நாம் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்வதால் சரியான சொல்கூட எதிரே இருப்பவருக்குப் பிடிபடாது. அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், அழுத்தம் வரும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்த அசைக்குப் பென்சிலால் அடிக்கோடிட்டு, வாய்விட்டு மூன்று தடவை சொல்லுங்கள்.