71 வயது அப்பாவை சானாவில் உட்கார வைக்கலாமா?

பாலக்கோட்டான்:
அப்பாவுக்கு 71 வயது. தக்காளி மண்டியில் கூடை தூக்கிய முதுகு. காலையில் கட்டிலை விட்டு எழவே கால்மணி நேரம் ஆகிறது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை. ஓசூரில் இருக்கும் தங்கை, தன் அபார்ட்மென்ட் சானாவில் (வியர்க்க உட்காரும் சூட்டறை) வாரம் இருமுறை உட்கார வைக்கலாம் என்கிறாள். அப்பாவோ, "சித்திரையில ஓட்டு வீட்டுக்குள்ள வேகறது பத்தாதா?" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:
முதலில் அது சானாவா, ஸ்டீமா (நீராவி அறையா) என்று பாருங்கள். சானா உலர்ந்த சூடு, 80 டிகிரியைத் தாண்டியும் போகும். ஸ்டீம் 45 டிகிரி போல, ஆனால் ஈரம் கொட்டும். பின்லாந்தில் 2,315 ஆண்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வந்தது. அடிக்கடி சானா போனவர்களிடம் இதய நோய்ச் சாவு குறைவு. ஆனால் ஆய்வில் சேரும்போது அவர்களுக்கு வயது 42 முதல் 60. அதோடு, அது சானா சூட்டிலேயே பழகிய உடம்பு.

மருமகன்:
பயம் அந்த மாத்திரைதான். சூட்டில் ரத்தக்குழாய் விரியும், மாத்திரையோடு சேர்ந்து பிரஷர் இன்னும் இறங்கும். என் மாமனார் ஸ்டீமிலிருந்து விருட்டென்று எழுந்தவர், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். நல்லவேளை, தலையில் அடியில்லை. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அவர் சரியென்றால் சானா பெஞ்சின் கீழ்ப்படியில் ஐந்து நிமிடம், கூடவே ஒரு ஆள். முன்னும் பின்னும் தண்ணீர்.

பென்னாகரத்தான்:
முதுகுக்குத்தானே? ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள். மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள், அங்கே தேய்ப்பவர்கள் கை இரும்பு.

பாலக்கோட்டான்:
ஒகேனக்கல் என்றதும் அப்பா துண்டை எடுத்துவிட்டார்! அப்புறம், நாளை மாத்திரைச் சீட்டோடு தருமபுரி டாக்டரிடம் போகிறோம்.