பழைய இராணுவ ஜீப்: வில்லிஸா, ஃபோர்டா?

ஈசூன்வாசி: வணக்கம். உறவினர் ஒருவர் 1943ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப் என்று கூறி ஒரு வண்டியைத் தர முன்வந்துள்ளார். அது உண்மையான வில்லிஸ்தானா என்பதை எவ்வாறு அறிவது? இங்கு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட்ட இயலுமா?

துருப்பகை: போர்க்காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களுமே இந்த ஜீப்பைத் தயாரித்தன. ரேடியேட்டருக்குக் கீழேயுள்ள அடிச்சட்டகத்தின் குறுக்குத்தண்டைப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ்; கவிழ்த்த ‘ப’ வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு நிறுவனம் போல்ட்டுத் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது என்றாலும், இராணுவப் பணிமனைகளில் உதிரிபாகங்கள் மாறி மாறிப் பொருத்தப்பட்டதால் போல்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஈசூன்வாசி: மிக்க நன்றி, ஐயா. குழாய்தான் இருக்கிறது!

தோபாயோ மணி: 35 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கான பழம்வாகனத் திட்டத்தில் பதிவுசெய்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள் ஓட்டலாம், எனக்கு அதுவே போதும், மற்ற நாள்களில் துருவோடு போராடவே நேரம் சரியாக இருக்கிறது.

துருப்பகை: ஓர் எச்சரிக்கை. இரண்டு பாதிகளாக இணைக்கப்பட்ட போர்க்கால ரிம்மாக இருந்தால், டயரின் காற்றை முழுவதும் இறக்காமல் அவற்றை இணைக்கும் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. பாதி ரிம் வெடித்துப் பறந்து உயிரையே பறிக்கக்கூடும். தார்ச்சாலையில் முன்சக்கர இயக்கத்தைத் துண்டித்தே ஓட்டுங்கள். மின்னமைப்பு 6 வோல்ட் என்பதால், 12 வோல்ட் பேட்டரியை அப்படியே இணைத்துவிட வேண்டாம்.