புதுப்பிப்பு: யோ லா டெங்கோவின் 2015 ஆல்பமும் கேட்டாயிற்று

பிறர் பாடல்களுக்கு நடுவே சொந்தப் பாடல்கள் சிலவற்றையும் கோத்து அமெரிக்க ராக் இசைக்குழுவான யோ லா டெங்கோ 1990-இல் வெளியிட்ட ‘ஃபேக்புக்’ ஆல்பம் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதே பாணியில் 2015-இல் வந்த ‘ஸ்டஃப் லைக் தட் தேர்’ எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

அருமை! ‘ஃபேக்புக்’கில் வாசித்த டேவ் ஷ்ராம் எலெக்ட்ரிக் கிதாருடன் திரும்பியிருக்கிறார். தி க்யூர் குழுவின் துள்ளலான ‘ஃப்ரைடே ஐம் இன் லவ்’ பாடலை யோ லா டெங்கோவின் ஜார்ஜியா ஹப்லி குரலை உயர்த்தாமலே பாடுகிறார். 1997-இல் இரைச்சலோடு பதிவுசெய்த தங்கள் ‘டீப்பர் இன்டு மூவிஸ்’ பாடலையும் இங்கே அடக்கி வாசித்திருக்கிறார்கள். மெட்டின் அழகு இப்போதுதான் முழுதாகக் காதில் விழுகிறது.

ஆனாலும் என் ஓட்டு ‘ஃபேக்புக்’குக்கே. அதில் எது சொந்தம், எது இரவல் என்று பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் சொல்லவே முடியாது.