மூன்று வயது மகளுக்கு ஓயாத சளி, வீசிங்: ஐஜிஏ குறைவு

மகளுக்கு மூன்று வயது, ஊர் பொள்ளாச்சி. ஒரு வயதிலிருந்தே சளி, வீசிங். காய்ச்சல் இல்லை, ஆனால் இரவில் இருமி இருமி வாந்தி எடுக்கிறாள், பார்க்கவே தாங்கவில்லை. ஸ்பேசரோடு பியூடசோனைடு இன்ஹேலர், நெபுலைசர், அமாக்சிசிலின் எல்லாம் கொடுத்தாச்சு. நிறுத்தினால் திரும்ப வருகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ (அலர்ஜி இருந்தால் கூடும் எதிர்ப்புப் புரதம்) அதிகம், ஐஜிஏ (மூக்கு, தொண்டை, குடலில் கிருமிகளைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம்) குறைவு. நான்கு வயதுக்கு முன் ஐஜிஏ குறைபாடு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஆனால் 2007-இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்வில், பிறந்த ஒரு மாதத்திலேயே தொண்டையில் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா ஆகிய பாக்டீரியாக்களில் ஏதாவது இருந்த குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா வர வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா காத்திருக்க மனம் வரவில்லை.

கோவையிலோ வேலூரிலோ குழந்தைகளுக்கான அலர்ஜி, இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பு சக்தி) டாக்டர் யாரிடம் காட்டலாம்?