போனிலை டைஸ் உருட்டுறவனை என்ன செய்யிறது?

கோண்டாவில்காரன்:
சனிக்கிழமை பின்னேரங்களிலை எங்கட வீட்டு விறாந்தையிலை அஞ்சு பேராச் சேர்ந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுறனாங்கள், 2014 பதிப்பு. ஆளுக்கொரு பாத்திரமா ஒரு கதைக்குள்ளை போய், இருவது பக்க டைஸ் உருட்டி முடிவு பாக்கிற விளையாட்டு, கூட விழுந்தா நல்லது. நான்தான் டி.எம்., எண்டா கதையை நடத்தி எதிரிகளுக்கும் உருட்டுறவன். கொழும்பிலையிருந்து எடுப்பிச்ச டைஸ் செற் ஒண்டுதான் கிடக்கு. அதாலை ரெண்டு பேர் போன் ஆப்பிலை உருட்டுவினம். அதிலை மந்திரவாதி விளையாடுறவன் போனை நெஞ்சோடை அணைச்சுப் பாத்திட்டு "பதினேழு" எண்டுவான். திரையைக் காட்டமாட்டான். கேட்டா "என்னிலை நம்பிக்கை இல்லையோ" எண்டு மூஞ்சையை நீட்டுவான். போன கிழமை ரெண்டு தரம் 20 விழுந்ததாம். மற்றப் பெடியள் ஆளையாள் பாக்கிறாங்கள். பள்ளிக்கூடச் சிநேகிதம். எல்லாருக்கும் முன்னாலை கேக்கவோ, தனியக் கூப்பிட்டுக் கேக்கவோ, விடவோ?

கணக்கு வாத்தி:
20 விழுந்ததை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஒரு பின்னேரத்திலை 20 தரம் உருட்டினா ஒருக்காலாவது 20 விழ 64 வீத வாய்ப்பு இருக்கு. நீங்கள் குறைஞ்ச இலக்கங்களைப் பாருங்கோ. அளாப்புறவைக்கு 2, 3 எண்டு சொல்ல வாய் வராது. 20 தரம் உருட்டி 8க்குக் கீழை ஒண்டும் விழாமல் போறது 5,000த்திலை ஒருக்காக்கூட நடவாது.

கோண்டாவில்காரன்:
குறிச்சுப் பாக்கேல்லை. ஆனா "ரெண்டு" எண்டு அவன் சொல்லி நான் கேட்ட ஞாபகமே இல்லை.

சுன்னாகத்தான்:
பிறகென்ன, எழுப்பி விடுங்கோ. முந்நூற்றிநாலு சீட்டு விளையாடேக்கை கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டினவனை எங்கட அப்பா அண்டையோடை பாயிலை இருத்தேல்லை.

பனங்கூடல்:
304இலை வெல்லுற பக்கம், தோக்கிற பக்கம் எண்டு ரெண்டு இருக்கு அண்ணை. இதிலை எல்லாரும் ஒரே பக்கம். இவன் அளாப்பி ஆரை வெல்லப்போறான்? தன்ரை பாத்திரத்தைக் காப்பாத்திறான், அவ்வளவுதான்.

தம்பி கோண்டாவில், அவன்ரை பாத்திரம் முந்தி ஏதும் செத்ததோ? லெவல் 1 மந்திரவாதிக்கு எச்.பி. (உயிர்ப் புள்ளி) ஏழெட்டுத்தான் இருக்கும். கொப்ளின் எண்ட குட்டிப் பூதம் ரெண்டு அம்பு விட்டா ஆள் சரி.

கோண்டாவில்காரன்:
ஓம் அண்ணை. முதல் பாத்திரம் குகைக்குள்ளை முடிஞ்சுது. டெத் சேவ் (சாகக்கிடக்கேக்கை உயிர் தப்ப உருட்டுறது) மூண்டும் 10க்குக் கீழை. பெடியள் அண்டையிலிருந்து "பிரேதம்" எண்டுதான் அவனைக் கூப்பிடுறாங்கள், வட்ஸ்அப் குரூப்பிலையும்.

பனங்கூடல்:
அப்ப அவன் ஏன் "ரெண்டு" எண்டு சொல்லப்போறான்?

அந்தப் பட்டத்தை முதல் நிப்பாட்டுங்கோ. கையும் களவுமாப் பிடிச்சா அடுத்த கிழமை நாலு பேர்தான் இருப்பியள். அவனை மட்டும் பாத்துச் சட்டம் போடாமல், எல்லாருக்கும் போன் வேண்டாம், உள்ள ஒரு செற்றையே மாறி மாறி உருட்டுவம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் மலிபன் பிஸ்கற் ரின் மூடியைக் கவிட்டு நடுவிலை வைச்சு அதுக்குள்ளை போடுறனாங்கள். டங்கெண்டு சத்தம் கேட்டா எல்லாற்றை தலையும் மூடிக்கு மேலை. 2 விழுந்தா முழுப்பேரும் "ஐயோ" எண்ணுவினம். (அடுத்த அறையிலை படிக்கிற பிள்ளை இருந்தா அடியிலை துணி விரியுங்கோ.)

இன்னொண்டு, கோவிக்கக்கூடாது. நீங்கள் டி.எம். மறைப்பு மட்டைக்குப் பின்னாலைதானே உருட்டுறியள்? மறைச்சு உருட்டினா வேணுமெண்டா முடிவை மாத்தலாம் எண்டு டி.எம். கையேடே எழுதி வைச்சிருக்கு. நீங்கள் மறைவிலை உருட்டிக்கொண்டு அவனிட்டைத் திரையைக் காட்டு எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது?

கணக்கு வாத்தி:
பொறி தேடுறது, ஒளிஞ்சு போறது மாதிரி ஆளுக்கே முடிவு தெரியக்கூடாத உருட்டல்களை டி.எம். மறைச்சு உருட்டத்தான் வேணும். சண்டை உருட்டலுக்கு மட்டை தேவையில்லை.

கோண்டாவில்காரன்:
சரி, பட்டத்தைப் பற்றிப் பெடியளோடை இண்டைக்கே கதைக்கிறன். ரின் மூடியும் இருக்கு. மட்டையையும் எடுக்கிறன், ஆனா கடைசிப் பொஸ் சண்டைக்கு மட்டும் வைச்சிருக்கட்டோ? ஒரேயடியா எல்லாரும் செத்தா கதை முடிஞ்சிடும்.

பனங்கூடல்:
அந்தச் சண்டைக்குத்தான் முக்கியமா எடுக்கவேணும் தம்பி.